சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார்

மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் எனக்குக் கத்திரிக்காய் வேஷம். ஊதாக் காகிதம் ஒட்டிய அட்டை கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கும். தலையில் பச்சைக் கிரீடம். பகல் இரண்டு மணிக்கே டீச்சர் முகத்தில் பவுடரை அப்பி, மாட்டிவிட்டுப் போய்விட்டார். உட்கார்ந்தால் அட்டை மடங்கிவிடும். அதனால் நானும் முருங்கைக்காயும் பூசணிக்காயும் மேடைக்குப் பின்னால் வேப்பமரத்தில் சாய்ந்தபடி நின்றோம்.

அழைப்பிதழில் மாலை 5 மணி என்று போட்டிருந்தது. ஐந்தரைக்குக் குழாயில் முதல் அறிவிப்பு வந்தது: “நமது சிறப்பு விருந்தினர் அவர்கள் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள்.” அதன்பின் இரண்டு சினிமாப் பாட்டுக்கு ஒருமுறை அதே குரல். வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊர் எல்லையைத் தொட்டுவிட்டார்கள். இதோ, இன்னும் ஐந்தே நிமிடம். அவர் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தபோது பூசணிக்காய் ஜமுக்காளத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. முருங்கைக்காய் அம்மாவைத் தேடி அழுது, முகத்துப் பவுடரில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. எங்கள் நாடகம் ஒன்பதரைக்கு. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். அதையும் மறந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி படித்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு சாயங்காலம் அவர்களிடம் இருக்கும். வந்த விருந்தினர் யார் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெயர் நினைவிருக்காது. காத்திருந்தது மட்டும் நினைவிருக்கும்.

ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டு முழுக்க யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஜூனில் முதல் வகுப்புச் சேர்க்கை, ஜூலை 15 காமராஜர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 15 கொடியேற்றம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், சமத்துவப் பொங்கல், குடியரசு தினம், கடைசியில் ஆண்டு விழா. நடுவில் பல் டாக்டர், குடற்புழு மாத்திரை கொடுக்க வரும் செவிலியர், தீயணைப்புத் துறை, மரக்கன்று நட வரும் அமைப்புகள். இத்தனைக்கும் அங்கே இருக்கும் ஆசிரியர்கள் பல ஊர்களில் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் பூமாலை வாங்கப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைக்கிறார். விழாவுக்கு அரசு கொடுக்கும் தொகையில் சாமியானாவும் மைக் செட்டும் போட்டுவிட்டால், மிச்சம் ஆசிரியர்களின் கைக்காசு. இதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. சொல்லவும் கூடாது என்று ஒரு கௌரவம்.

பச்சை மையில் எழுதிய புத்தகம்

ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியர் மேஜை இழுப்பறையிலும் பார்வையாளர் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு இருக்கும். பழைய பள்ளிகளில் அதன் ஓரங்களைச் செல் அரித்திருக்கும். வருகிறவர் எழுதும் வாசகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை: பள்ளியைப் பார்வையிட்டேன், பதிவேடுகள் சரியாகப் பராமரிக்கப்படுகின்றன, மாணவர் வாசிப்புத் திறன் மேம்பட வேண்டும், வளாகம் தூய்மை. கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. பள்ளிக்குள் வந்தவர்களில் எழுதும் அதிகாரம் இருந்தவர்கள் மட்டும் அதில் இருக்கிறார்கள்.

அந்த அதிகாரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவில் இப்படிப் பதிவேடெல்லாம் கிடையாது. பள்ளிதான் ஊருக்குள் போயிற்று. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு வாத்தியாரை முன்னால் விட்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். வீட்டார் கொடுக்கும் காசும் துணியும் வாத்தியாருக்கு. சம்பளம் என்று தனியாக ஒன்று ஒழுங்காக வராத காலத்தில் அதுதான் அவருக்குப் பெரிய வரும்படி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு, தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறையைக் கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். தேறியவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் துட்டு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வாத்தியார் வீட்டு அரிசிப் பானையில் அது தெரியும். அந்த முறை போய் நூறு வருடம் தாண்டிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. டெப்டி இன்ஸ்பெக்டர், உதவித் தொடக்கக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று பெயர்ப்பலகை மாறியபோதும் “ஆபீசர் வர்றாங்க” என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு பள்ளி எழுந்து நிற்கும் வேகம் மாறவில்லை. கண்மாய்க்கரையில் மாடு மேய்க்கும் பையனைத் தூக்கிவந்து வருகையைச் சரிக்கட்டிய கதைகள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பதிவேட்டில் ஏறாத விருந்தாளிகள் வேறு. அவர்களில் முதல் இடம் ஊசிக்காரருக்கு. 1948-ல் இந்தியாவில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி இயக்கம் தொடங்கியது அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில்தான். மருந்து தயாரிக்கும் கூடம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அமைந்தது. ஆள் கூட்டமாக, ஒரே வயதில், ஓடாமல் உட்கார்ந்திருக்கும் இடம் பள்ளிக்கூடத்தைவிட வேறு எது? ஓடாமல் என்று அவர்கள் நினைத்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துச் சோளக்காட்டில் ஒளிந்த தலைமுறை ஒன்று இன்று தாத்தா பாட்டியாக இருக்கிறது. பெரியவர்களுக்கும் சந்தேகம் இருந்தது. 1955-ல் ராஜாஜியே அந்த ஊசியை எதிர்த்து எழுதினார். இன்று அறுபது, எழுபது வயதுக்காரர்களின் புஜத்தைப் பாருங்கள். பள்ளிக்கு வந்துபோன ஒரு விருந்தாளி போட்ட கையெழுத்து அழியாமல் இருக்கும்.

அடுத்து மேஜிக்காரர். ஒரு தகரப்பெட்டி, உடன் ஒரு பையன், எங்கோ எந்த அதிகாரியிடமோ வாங்கிய அனுமதிக் கடிதம் மடித்து மடித்துக் கிழிந்துபோய். தலைக்குப் பத்து பைசா, பின்னாளில் இருபத்தைந்து பைசா. காசு கொண்டுவராதவனை வெளியே நிறுத்தச் சொல்வார் பெரிய சார். மேஜிக்காரர்தான் “பரவாயில்ல சார், உட்காரட்டும்” என்பார். வாயிலிருந்து கலர் காகிதத்தை இழுத்துக்கொண்டே போவார், அது முடியவே முடியாது. அடுத்த ஒரு வாரம் பள்ளியில் எல்லோரும் காகிதம் மென்றுகொண்டிருந்தோம்.

சீர் கொண்டுவரும் ஊர்

ஊரே விருந்தாளியாகப் பள்ளிக்கு வந்த ஒரு காலமும் உண்டு. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு 1958-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். பள்ளிக்கு என்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் போடுவார்கள். ஊர்க்காரர்கள் மேடையேறி, நான் மணி தருகிறேன், நான் நான்கு பெஞ்சு, நான் கிணறு, நான் கட்டடத்துக்கு நிலம் என்று ஒப்புக்கொள்வார்கள். கையில் பெரிதாகக் காசில்லாத அரசாங்கமும் அதைவிடக் காசில்லாத கிராமமும் கூடிப் போட்ட கணக்கு அது.

அந்த வழக்கத்தின் பேரப்பிள்ளை என்று இன்றைய கல்விச் சீரைச் சொல்லலாம். பெயர் வைத்தவர் யாரோ, மனசறிந்து வைத்திருக்கிறார். காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் தாம்பாளத் தட்டுகளோடு மேளம் முழங்க வருவதுபோல ஊர் ஒன்றுகூடி வருகிறது. முன்னால் தவில், நாகஸ்வரம். பின்னால் பெண்கள் கையில் தட்டுகள். தட்டில் வெற்றிலை, பூ, பழம், அதோடு நோட்டு, பென்சில், அளவுகோல், உலக உருண்டை. அவர்களுக்குப் பின்னால் நாலு பேர் தூக்கிவரும் பீரோ, டிராக்டரில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, தண்ணீர் வடிகட்டும் இயந்திரம். பள்ளி வாசலில் ஆசிரியைகள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். ஊர்வலத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அன்று ஒரு புதுச் செய்தி தெரிகிறது: நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார்.

இதிலும் கிண்டலுக்கு இடம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பார்கள் அல்லவா, அது பள்ளிக்கும் வந்துவிட்டது. ஒரு வகுப்பறையில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று தலைமுறைப் பெயரைப் பார்த்தேன். கரண்ட் போனால்தான் வாசிக்க முடியும். ஆனாலும் கரண்ட் இருக்கும்போது காற்று வருகிறது. அதனால் நான் அதைக் குறை சொல்லப் போவதில்லை.

குறை சொல்ல வேண்டியது அழைப்பிதழை. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு முப்பத்தைந்து பெயர் போட்ட அழைப்பிதழ் அச்சாகிறது. ஒரு பெயர் விட்டுப்போனால் தலைமையாசிரியர் அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போக முடியாது. பெயர் இருந்து வரிசை இறங்கிப்போனாலும் அதே கதி. அதனால் பெயர் போட்ட எல்லோருக்கும் மைக் கொடுக்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடியில் பாட வேண்டும் என்று அரசாணையே இருக்கிறது. வாழ்த்துரைக்கு அப்படி யாரும் விநாடி நிர்ணயிக்கவில்லை.

பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுக்கும் பழக்கம் பரவியிருப்பது நல்ல காரியம். அதிலும் ஒரு சங்கடம் பாருங்கள். நூலக அலமாரியில் நாற்பது புத்தகம் வைத்திருக்கும் பள்ளி, எட்டுப் புத்தகத்தை விலைக்கு வாங்கி எட்டு விருந்தினருக்குக் கொடுக்கிறது. அவை எட்டுக் காரில் ஏறிப் போய்விடுகின்றன. வந்தவர் ஒருவர் அதைத் திருப்பி, முன்வரிசைப் பிள்ளையிடம் “நீ படிச்சிட்டு எல்லாருக்கும் கொடு” என்று நீட்டியதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்த நாள்

யார் வருகிறார் என்பதைவிட யாரை வரவிடவில்லை என்பது சில ஊர்களில் முக்கியமாகிவிடுகிறது. 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவரான தலித் பெண்மணியைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பக்கத்தில் நிற்க, அவர் கொடியேற்றினார். 2022-ல், தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் மாவட்டங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஊரில் யார் கயிற்றை இழுக்கிறார், யார் ஓரமாக நிற்கிறார் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். கையில் மிட்டாய் வந்தால் அதை மறந்துவிடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

தொடக்கப் பள்ளிக்கு ஒரு விருந்தினர் வந்ததால் உண்மையிலேயே ஏதாவது மாறியதா என்று கேட்டால், நான் 2023 செப்டம்பரைச் சொல்வேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில், கலைஞர் கருணாநிதி படித்த பள்ளியில் வைத்து, மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. அன்று ஊருக்கு ஊர் சட்டமன்ற உறுப்பினர்களும் கவுன்சிலர்களும் கிச்சடியை வாயில் வைத்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களை யாரும் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியில் பிள்ளைகள் பலர் காலையில் சாப்பிடுவதில்லை என்று தெரியவந்தது. காரணம், சமைத்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். மாவட்ட ஆட்சியர் பள்ளிக்குப் போனார். அவர் சமைத்ததை வாங்கிச் சாப்பிட்டார். பெற்றோரிடம் பேசினார், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொன்னார். அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியிலும் இதே சிக்கல். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எட்டயபுரம் என்றதும் பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வரும். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது பாரதி பிறந்த அந்த ஊரில்தான். அதற்கும் முன்னால், 1920-ல், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளியொன்றில், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், பகல் உணவு போட்டுப்பார்த்தார்கள். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் பெரிய அரசியல் விருந்தினர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் சோற்றை முன்னிட்டுத்தான். எட்டயபுரத்தில் முதல் தட்டு வைக்கப்பட்டு 67 ஆண்டுகளுக்குப் பிறகு, பக்கத்துக் கிராமத்தில், யார் கையால் சமைத்தது என்ற கேள்வி தட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே ஆயிரம் சொற்பொழிவு செய்ய முடியாததைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த இரண்டு பேர் அரைமணி நேரத்தில் செய்தார்கள். அதன்பின் அந்த ஊரின் மனம் முழுக்க மாறிவிட்டதா என்பது வேறு. அன்றைக்குக் காலையில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

வாசலில் யார்?

யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று கதவைத் திறந்து வைத்ததன் விலையையும் சொல்லத்தான் வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னையில் இரண்டு அரசுப் பள்ளிகளில், ‘தன்னம்பிக்கை’ உரையாற்ற வந்த ஒருவர், இந்தப் பிறவியின் குறைபாடுகள் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவர்களிடம் பேசினார். அங்கேயே எழுந்து அதை எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். காணொளி பரவி, தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டு, பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகள் வகுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். அதே மாதம்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், போலியாக என்.சி.சி. முகாம் நடத்த வந்த கூட்டம் மாணவிகளிடம் பாலியல் வன்கொடுமை செய்தது வெளியே வந்தது. இவை தொடக்கப் பள்ளிகளில் நடந்தவையல்ல. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியாது, வீட்டில் போய்ச் சொல்லவும் தெரியாது. வருகிறவர் யார், எந்த அமைப்பு, யார் அனுமதித்தார், பிள்ளைகளோடு தனியே விடப்படுகிறாரா என்று கேட்பதில் தலைமையாசிரியருக்கோ பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கோ கூச்சம் வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் 1098 இருக்கிறது, கல்வித்துறையின் 14417 இருக்கிறது.

பயந்து கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது. பிள்ளைகளிடம் நல்ல விருந்தாளிக்கு இருக்கும் மரியாதையே தனி. புதுச்சேரியின் வேலு சரவணன் ‘ஆழி’ குழுவோடு பல ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகப் போய் நாடகம் போடுகிறார். அவருடைய ‘கடல் பூதம்’ நடக்கும் மைதானத்தில் மேடை, திரை, சிறப்பு நாற்காலி எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் அதுதான் கடல். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் காகிதம் மடித்துத் தொப்பியும் பறவையும் செய்துகாட்டிக்கொண்டு 1980களிலிருந்து கிராமப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். ‘துளிர்’ இதழ் 1987 முதல் வருகிறது. 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் நடுவே சூரியன் வளையமாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய விருந்தாளி வாசலுக்கே வந்த நாளில் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. என்ன செய்வது!

எனக்குப் பிடித்த விருந்தாளி தபால்காரர். சூழ்நிலையியல் பாடத்தில் நமக்கு உதவுபவர்கள் என்று படம் போட்டிருக்கும். பிள்ளைகள் அந்தப் படத்துக்குக் காக்கி வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போதே நிஜத் தபால்காரர் சைக்கிளிலோ வண்டியிலோ ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருப்பார். ஒருநாள் அவரை உள்ளே கூப்பிட்ட ஒரு பள்ளியில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாலை இல்லை, மைக் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார். முதல் கேள்வி: “உங்களை எந்தத் தெருவுல நாய் அதிகமா துரத்தும்?” அவர் மூன்று தெருப் பெயர் சொன்னார். அந்தத் தெருப் பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். துரத்தியதில் ஒன்று ஒருத்தியின் நாய்.

பிறகு பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் இருக்கும் ஆறு இலக்கம். 6-ல் தொடங்கினால் தமிழ்நாடோ கேரளமோ புதுச்சேரியோ லட்சத்தீவோ என்று அவர் சொன்னதும் ஒரு பையன் தன் அப்பா வேலை செய்யும் திருப்பூரும் 6-ல்தானா என்று கேட்டான். ஆமாம் என்றதும், அப்படியென்றால் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். யாரும் திருத்தவில்லை. ஆளுக்கொரு ஐம்பது காசு அஞ்சலட்டை. பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கே எழுதினார்கள். “அம்மா நான் நலம். நீ நலமா. சாயங்காலம் வருவேன்.” திருப்பூருக்கு எழுதியவனுக்கு மட்டும் இடம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் எழுத்து வழிந்துவிட்டது. மேலே ஒரு சின்னக் காகிதம் ஒட்டி, தபால்காரரே முகவரியைத் திரும்ப எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் ஊருக்குள் அத்தனை அட்டைகளையும் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு மத்தியானம் ஆகிவிட்டதாம். பல வீடுகளில், வங்கி நோட்டீஸைத் தவிர, வெகுகாலத்துக்குப் பிறகு வந்த தபால் அது.

இதற்கு ஆன செலவு அஞ்சலட்டை விலை மட்டும். இதுபோல ஊருக்குள் எத்தனை பேர்! பனையேறுகிறவர், கிராமச் செவிலியர், மின்கம்பத்தில் ஏறும் லைன்மேன், தறி நெய்கிறவர், கொத்தனார். முதல் வகுப்புப் பிள்ளையின் அப்பாவே கொத்தனாராக இருந்து, ரசமட்டத்துக் குமிழி நடுவில் நிற்பதைக் காட்டினால் அன்று அந்தப் பிள்ளை நடக்கும் நடையே வேறாக இருக்கும். தபால்காரர் போன பிறகு நான் தலைமையாசிரியையிடம் பார்வையாளர் பதிவேட்டைக் கேட்டேன். கொடுத்தார். தபால்காரரிடம் கையெழுத்து வாங்கினீர்களா என்றேன். “அடடா, தோணவே இல்லையே சார்” என்றார். இருவருமே சிரித்துவிட்டோம். எனக்கும் அவர் இருக்கும்போது தோன்றவில்லை.

எங்கள் ஆண்டு விழாவுக்கு அன்று எட்டு மணிக்கு வந்தவர் யார் என்று அம்மாவிடம் கேட்டுப்பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு நினைவிருப்பவர் மைக் செட்டுக்காரர். ஏழு மணிவாக்கில், இருந்த பாட்டெல்லாம் போட்டு முடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் வாடி நின்ற எங்களைப் பார்த்தவர் ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார். “ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்கடா, டெஸ்டிங் பண்ணணும்” என்றார். முருங்கைக்காய் அழுகையை நிறுத்தியது. நான் என் பெயரைச் சொன்னேன். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் வழியாக அது ஊரைச் சுற்றிவிட்டு ஏரிப்பக்கம் மோதித் திரும்பி வந்தது. கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லோரும் இரண்டிரண்டு முறை சொன்னோம். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா என் பெயரைக் கேட்டுவிட்டு, ஏதோ ஆகிவிட்டது என்று ஈரக்கையோடு ஓடிவந்தார்.

அந்த அழைப்பிதழ் ஒன்று இன்னும் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கரையான் தின்றது போக, மேலே இருந்த பெரிய எழுத்துப் பெயர்கள் பாதிதான் மிச்சம். அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, சின்ன எழுத்தில் ‘ஒலி, ஒளி அமைப்பு’ என்று தொடங்கும் கடைசி வரி முழுசாக இருக்கிறது.